கல்லில் மீன் வெடுக்கு

“இன்னும் மீன் வெடுக்கு மணக்குது. திரும்பத் தேயும்.”

கதிரவேலர் கல்லை மூக்கடியில் பிடித்து மணந்து பார்த்துவிட்டுக் கிணற்றுக்கட்டில் வைத்தார். கனிசியசுக்குக் காது சுட்டது. மத்தியானம் எங்கேயோ போய்விட்டுச் சைக்கிளில் வந்து இறங்கிய மனிதர், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் தொடங்கிய கூத்து இது.

அது கண்டநிண்ட கல் அல்ல. கப்பலில் வேலை செய்த மச்சான் லியோன் ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கிக் கொடுத்த பீங்கான் சாணைக்கல். எண்ணெய் வேண்டாம், பச்சைத் தண்ணீர் தெளித்துத் தீட்டினாலே மொட்டைக் கத்தியும் மயிர் வழிக்கும். பீரங்கிச் செல்லடிக்குப் பயந்து குருநகரை விட்டு ஓடி வந்த அன்று கனிசியஸ் வலையைக் கரையில் போட்டுவிட்டு, கல்லை மடியில் கட்டிக்கொண்டு வந்தான். இப்போது சந்தையில் மீன் வெட்டிக் கொடுத்துத்தான் அடுப்பு எரிகிறது.

இருப்பது நல்லூரில், கதிரவேலரின் பின்வளவுக் கொட்டிலில். கோயில் கொடியேறினால் சட்டிபானைகூட மாற்றுகிற சைவ வீடு அது. “வளவுக்குள்ளை மீன் மச்சம் வேண்டாம், இப்பவே சொல்லிப்போட்டன்,” என்று சொல்லித்தான் குடிவைத்தார். கனிசியஸ் ஒரு மீன் செதிலைக்கூட உள்ளே கொண்டுவந்ததில்லை. ஆனால் மீன் வெட்டுகிற கத்தியை இந்தக் கிணற்றடியில் வைத்துத்தானே தீட்டினான்! அதைத்தான் மனிதர் பிடித்துக்கொண்டுவிட்டார்.

“இஞ்சேருங்கோ,” மனைவி செபஸ்தியம்மா வாளியை வைக்கிற சாட்டில் குனிந்து அவன் காதுக்குள் சொன்னாள். “வாயைத் திறவாமல் தேயுங்கோ. பக்கத்து வளவுச் சனத்தைக் கிளப்பிவிட்டவை, கண்டனீங்கள்தானே? மாரி வருகுது. எங்களையும் எழுப்பினால் எங்கை போறது?”

“தேய்ச்சுக்கொண்டுதானே இருக்கிறன்.”

சாம்பலைக் குழைத்து, தேங்காய்ப் பொச்சுத் தும்பால் அழுத்தித் தேய்த்தான். கத்தியில் இருந்து உதிர்ந்த இரும்புத் தூள், மீன் நெய்யோடு சேர்ந்து கல்லில் கருங்கோடாக இறுகியிருந்தது. மேல் கறுப்புப் போயிற்று. சாம்பல் நிறத்தில் அடிக்கறை அப்படியே கிடந்தது.

“சாம்பலுக்கு உது போகாது,” என்று கதிரவேலர் வீட்டுக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு முழுச் சவர்க்காரக் கட்டி. சுற்றின தாள்கூடப் பிரிக்கவில்லை.

செபஸ்தியம்மா வாயில் கைவைத்தாள். சவர்க்காரம் கிடைக்காமல் ஊரெல்லாம் பனம்பழத்தைப் பிசைந்து துணி தோய்க்கிற காலம்.

“ஐயா, இதைக் கல்லுக்கோ?”

“கல்லுக்குத்தான்.”

கனிசியசுக்குப் பொறுக்க முடியவில்லை. “எங்கடை வெடுக்குக்கு இவ்வளவு மரியாதையோ, ஐயா?” என்று சிரித்தான். “என்ன விசேஷம்? அன்னதானத்துக்குப் பூசணிக்காய் வெட்டப் போறியளோ?”

கதிரவேலர் சிரிக்கவில்லை. “ஒரு கத்தி தீட்டவேணும். பொழுது படமுன்னம் வேணும்.”

“உங்கடை கருங்கல்லு கிடக்குதே. அதிலை மீன் மணக்காதே.”

“அது சரிவராது. நீர் தேயும்.”

நுரை கறுப்பாக வந்தது. கழுவித் தேய்த்தான். புளிச்சாறு சொட்டத் தேசிக்காய்ப் பாதியை வைத்துத் தேய்த்தான். விரல் நுனியெல்லாம் எரிந்தது. கல் முட்டைக்கோது போல வெளுத்துவிட்டது. இனி என்ன சொல்லப் போகிறார் என்று நிமிர்ந்து பார்த்தான்.

“பிள்ளை, அடுப்பை மூட்டும்,” என்றார் கதிரவேலர், செபஸ்தியம்மாவைப் பார்த்து. “கல்லை அவிக்கவேணும்.”

“கல்லை அவிக்கிறதோ!”

“அவிச்சுப்போட்டு உப்பும் புளியும் விடுவமோ, ஐயா?” என்றான் கனிசியஸ்.

கதிரவேலர் தன் குசினிக்குள் போய்ச் சோறு வடிக்கிற சட்டியைத் தானே தூக்கி வந்து வைத்தார். மச்சம் பட்ட கல்லுக்குத் தன் வீட்டுச் சட்டி! இந்தச் சட்டியை இனி உடைத்து எறியப்போகிறார், உடைத்த கையோடு எங்களையும் எறியப்போகிறார் என்று நினைத்தான் கனிசியஸ். அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிவிட்டது.

“எழும்பச் சொல்லுறதெண்டால் நேரை சொல்லுங்கோ, ஐயா! மீன் நாறுற சனம், வளவு தீட்டுப்பட்டுப்போச்சு எண்டு சொல்லுங்கோ. இந்த நிமிசமே பாயைச் சுருட்டுறம். அதுக்கு உந்தக் கல்லைப் போட்டு ஏன் வதைக்கிறியள்?”

“ஐயோ, என்ன கதைக்கிறியள்!” செபஸ்தியம்மா அவன் தோளைப் பிடித்து இழுத்தாள். “ஐயா, அவர் பசியிலை கதைக்கிறார்…”

கதிரவேலர் கோபிக்கவில்லை. கிணற்றுக்கட்டில் மெல்ல இருந்தார். பிறகு சைக்கிள் கரியரில் கட்டியிருந்த வெள்ளைத் துணிப் பொட்டலத்தை எடுத்து அவிழ்த்தார்.

உள்ளே ஒரு கத்தி. நீளமாய், ஒடுக்கமாய், பிடிகூட இரும்பில். அலகு மழுங்கிக் கிடந்தது. சிறு வயதில் இருந்தே கத்தி பிடித்தவன் கனிசியஸ். இப்படி ஒன்றை அவன் கண்டதில்லை.

“ஆரின்ரை கத்தி, ஐயா, இது?”

“ஆஸ்பத்திரி டொக்டரின்ரை. வேறை கத்தி இல்லையாம். கல்லிலை துளி அழுக்கிருந்தாலும் சீழ் பிடிச்சிடும் எண்டவர்.” கதிரவேலர் கனிசியசின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டார். “காலமை அரியாலையிலை செல் விழுந்து… என்ரை மகளின்ரை காலை எடுக்கப் போகினம், தம்பி. மயக்க மருந்து இல்லையாம். நல்ல கூராத் தீட்டித் தாரும்.”