வெளியே போன கேள்வி

மாடிப்படி ஓரம் ஷோபனா குசுகுசுத்தது காதில் விழுந்ததும் பிரிட்டோவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"இன்னிக்கு ஒரே கேள்விதாம்ப்பா. மண்டியில நெட் விட்டு விட்டு வருது. எடை போடறவரு பட்டனை ரெண்டு வாட்டி அமுக்கிடறாரு. கணக்குல ஒரு மூட்டை ரெண்டு மூட்டையா ஏறிடுது. இன்னா பண்ணுவே? ஒரே பேரு, ஒரே எடை வந்தா ரெண்டாவதை அழிச்சிடலாம்னு சொல்லு. வேலை உனக்குத்தான்."

இன்டர்வியூவுக்கு வந்த பையன் அவளைக் கும்பிட்டுவிட்டு மேலே ஏறினான். அடுத்து வந்த பெண்ணிடமும் அதே குசுகுசு!

செஞ்சி பஜாரில், இரும்புக்கடை மாடியில் இருக்கிற சின்ன கம்பெனி அது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மண்டிகளுக்கு பில் போடும் சாஃப்ட்வேர் எழுதுகிறார்கள். முதலாளி ராஜாராம், ஷோபனாவை நம்பித்தான் கேள்வி தயாரிக்கும் பொறுப்பைக் கொடுத்திருந்தார்.

கூட வேலை செய்கிறவளைக் காட்டிக்கொடுக்க பிரிட்டோவுக்கு மனசு வரவில்லை. மேலே போய் ராஜாராம் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

வந்தவர்கள் எல்லாரும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தார்கள். ராஜாராமின் அக்கா மகன் விஷ்ணுவும் அதையேதான் சொன்னான்.

"பிரில்லியன்ட்!" என்றார் ராஜாராம்.

கடைசியாக வந்த அனந்தபுரம் ஜாஸ்மின் மட்டும் நெளிந்தாள்.

"சார், படிக்கட்டாண்ட ஒரு மேடம் பதிலை சொல்லிக் குடுத்தாங்க. ஆனா அது சரிப்படாது சார்."

"ஏன்?" என்றான் பிரிட்டோ.

"எங்க நைனா நெசமாவே ஒரே எடையில ரெண்டு மூட்டை கொண்டாந்தா? ஒரு மூட்டை காணாம பூடுமே! எடை போடறப்பவே மூட்டைக்கு ஒரு நம்பர் குடுத்துட்டா, எத்தினி வாட்டி அமுக்குனாலும் ஒண்ணுதான் ஏறும்."

ராஜாராம் முகம் சிவந்துவிட்டது. அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "ஷோபனா!" என்று கத்தினார்.

ஷோபனா வந்து நின்றாள்.

"கேள்வியை வெளிய விட்டியா?"

"ஆமா சார்."

"சோறு போடற கம்பெனிக்கே துரோகமா? கொஞ்சமாவது நேர்மை வேணாம்? இன்னியோட நின்னுக்கோ!"

ஷோபனாவோ அசரவே இல்லை.

"கேள்வியை விட்டேன் சார். ஆனா தப்பான பதிலோடதான் விட்டேன்."

"இன்னாது?"

"இப்பல்லாம் எந்தக் கேள்விக்கும் போன்லயே பதில் கெடைக்குது. வாய்ல ஊட்டுனதை அப்படியே முழுங்கறது யாரு, மென்னு பாக்கறது யாருன்னு தெரிய வேணாமா? அதான் இன்டர்வியூவை படிக்கட்டுலயே வெச்சிட்டேன். ஜாஸ்மினை எடுத்துக்கலாம் சார்."

பிரிட்டோவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ராஜாராம் தொண்டையைச் செருமிக்கொண்டார். குரல் இறங்கிவிட்டது.

"சரிம்மா, ஜாஸ்மினை எடுத்துக்கோ. ஆனா நம்ம விஷ்ணு பாவம் இல்லியா? நீ சொல்லிக் குடுத்ததை நம்பி மோசம் போயிட்டான். அவனுக்கு மட்டும் இன்னொரு சான்ஸ் குடேன்."

ஷோபனா முழித்தாள்.

"விஷ்ணு தம்பி கிட்ட நான் பேசவே இல்லியே சார்! நேத்து நீங்க கேட்டீங்களேன்னு உங்க கிட்டதான் சொன்னேன், அந்தப் பதிலை."