நாடி ஏறினால் மங்கும் படம்

புயல் அருங்காட்சியகத்தின் கடைசிக் கூடத்தை வடிவமைத்தவள் நறுமுகை. அங்கே பார்வையாளர் அணியும் கைப்பட்டை அவர்களின் நாடியைக் கவனித்துக்கொண்டே இருக்கும். துடிப்பு ஏறினால் எதிரே ஓடும் படம் மங்கிவிடும். திறந்த நாளிலிருந்து அந்தக் கூடத்தில் ஒருவரும் மயங்கி விழுந்ததில்லை.

மீன் ஏலம் விடும் லூர்து மேரிக்கு மட்டும், எத்தனை தடவை போய் நின்றாலும் வெள்ளைச் சுவர்தான் தெரிந்தது. புயலில் கரை திரும்பாத அவள் மகன் ரொசாரியோ, அன்று காலை படகை அவிழ்க்கும் காட்சி அந்தப் படத்தில் இருந்தது.

“எம்புள்ளய பாக்க வந்தா சுவத்தயா காட்டுதிய?” என்று நறுமுகையிடம் கேட்டாள்.

நறுமுகை அவள் கைப்பட்டையைக் கழற்றித் தன் கையில் கட்டிக்கொண்டாள். வேலைக்காக அந்தப் படத்தை எத்தனையோ முறை பார்த்தவள்தானே.

படம் ஓடியது. ரொசாரியோ கயிற்றைச் சுருட்டிக்கொண்டே கரையைப் பார்த்துச் சிரித்தான்.

“சாப்பிடாமப் போறான் பாத்தியா,” என்றாள் லூர்து மேரி, கண்ணை எடுக்காமல்.

படம் மங்கத் தொடங்கியது. நறுமுகையின் நாடிதான் ஏறியிருந்தது.

லூர்து மேரி அவள் கையைப் பற்றிக்கொண்டாள். “மூச்ச மெள்ள விடு, மவளே. அவன் இன்னும் கரையிலதான் நிக்கான்.”