மூவாயிரத்து அறுபது

“பழசுக்கு இனிமே வைத்தியம் பாக்காத தங்கச்சி. கெழடு தட்டிருச்சு, விட்டுடு” என்று போனில் ஹஸ்ஸான் சொன்னதும் வானதிக்கு மனசு கேட்கவில்லை. கல்லூரிக் காலத்திலிருந்து கூடவே கிடந்து உழைத்த ஜீவன் ஆயிற்றே.

ஹஸ்ஸான் கும்பகோணத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர். வானதியின் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் 1060 என்கிற கிராபிக்ஸ் கார்டைத்தான் அவர் இப்படி எமனிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்தார்.

கட்டப்போகும் வீடு கட்டி முடித்தபின் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே படம் போட்டுக் கொடுப்பது அவள் வேலை. பாபநாசத்துப் பக்கத்துக் கிராமத்தில், சொந்த வீட்டில் உட்கார்ந்தபடியே ஒரு சென்னைக் கம்பெனிக்குச் செய்கிறாள். கார்டை மாற்று, இல்லையென்றால் சென்னைக்கே வந்து உட்கார் என்று கம்பெனி சொல்லிவிட்டது.

“புதுசுல என்னென்ன இருக்குன்னு இன்னொரு தடவை சொல்லுங்கண்ணே.”

“3060 இருக்கு. அதுக்குப் பின்னாடி வந்த 4060-ம் இருக்கு. 4060 வேகம் ஜாஸ்தி, கரண்டும் கம்மியாத்தான் இழுக்கும்.”

“மெமரி?”

“எட்டு ஜிபி. 3060-ல பன்னெண்டு.”

“என்ன அநியாயம் இது? அண்ணனுக்குப் பன்னெண்டு, அப்புறம் பொறந்த தம்பிக்கு எட்டா?”

“அதை என்கிட்ட கேட்டா? நான் என்ன பெத்தவனா?”

வானதி யோசித்தாள். அவளுடைய படங்கள் ஒவ்வொன்றும் மலை மாதிரி. வேகம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை, படம் முழுசாக உள்ளே ஏற வேண்டும். எட்டில் ஏற்றினால் பாதியிலேயே மூச்சு முட்டி நின்றுவிடும்.

“3060-தான் சரி. அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்.”

“அந்த ஒரு வார்த்தையத்தான் மூணு வாரமா கேட்டுக்கிட்டு இருக்கியேம்மா. ஒண்ணுதான் இருக்கு, வித்துடுவேன்.”

ஹஸ்ஸானின் கிண்டலில் நியாயம் இருந்தது. சம்பளம் வந்த அன்றே அப்பா துரைராசுவின் கைக்குப் போய்விடும். சோப்பை விடப் பெரிதாக எதை வாங்குவதென்றாலும் அவர் ‘ம்’ சொல்ல வேண்டும்.

அவரோ மகள் பேச்சைக் கேட்கிற ஜாதி இல்லை. அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கி வந்தவள் என்று ஊர் முழுக்கப் பெருமை அடிப்பார். அந்தப் பட்டதாரி வருஷா வருஷம் புது நெல்லுக்கு மாறச் சொல்லுவாள். அவர் வருஷா வருஷம் அதே 1009 ரகத்தை விதைப்பார்.

அதனால் இந்தத் தடவை அவள் விளக்கம் சொல்லக்கூட மெனக்கெடவில்லை. சோறு போடும்போதும் அவர் செருப்பை மாட்டும்போதும், “பழசு தாங்காதுப்பா, 3060-க்கு மாறியே ஆகணும்” என்று மட்டும் காதில் போட்டு வைத்தாள். மேற்கொண்டு சொன்னால் மட்டும் மண்டையில் ஏறிவிடவா போகிறது?

வயலிலிருந்து வந்த துரைராசு சேற்றுக்காலைக் கழுவிக்கொண்டு உள்ளே நுழைந்தார். வானதி போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

“அப்பா, முடிவா சொல்லுங்க. 3060 வாங்கலாமா, கூடாதா?”

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “அதை விடப் புதுசு ஒண்ணு வந்திருக்குன்னு பேசிக்கிட்டு இருந்தியே?”

வானதிக்கு ஆச்சரியம். காதில் விழுந்திருக்கிறது! “வந்திருக்குப்பா. ஆனா கொள்ளளவு கம்மி.”

“கண்டுமுதல் கம்மின்னு சொல்லு.”

நக்கலைப் பார், கம்ப்யூட்டருக்கு விளைச்சல் கணக்கு! வானதி பல்லைக் கடித்தாள். “ஆமா, அப்படியே வச்சுக்குங்க.”

“தண்ணி நெறைய கேக்குமோ?”

போனுக்குள் ஹஸ்ஸான் சிரித்தார். “சிலதுக்குத் தண்ணி விட்டுத்தான் சூட்டைத் தணிக்கணும் ஐயா. இதுக்கு வேணாம். நல்ல காத்தோட்டம் இருந்தாப் போதும்.”

“காத்தே போதுமா!” துரைராசு கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். “சரி, சாயாம நிக்குமா?”

இப்போது வானதிதான் வாயைப் பிளந்தாள். நீளமான கார்டு தன் கனம் தாங்காமல் ஒரு பக்கம் சாயும் என்பது அவளுக்கே போன மாதம்தான் தெரியும். “முட்டுக் குடுத்துட்டா நிக்கும். உங்களுக்கு யாருப்பா இதெல்லாம் சொன்னது?”

“ஏன், ஒங்கப்பனுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு நெனச்சியா?”

“எல்லாம் தெரியும், நான் சொல்றதைக் கேக்க மட்டும் தெரியாது!” வானதி வெடித்தாள். “பொறந்ததுலேர்ந்து ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்டிருக்கீங்களா? இதுக்கும் தலையாட்டலன்னா பெட்டியைக் கட்டிக்கிட்டு சென்னைக்குக் கெளம்பிருவேன். அப்புறம் உக்காந்து நக்கல் பண்ணுங்க, சுவத்தைப் பாத்து!”



துரைராசு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “வாங்கிக்க பாப்பா.”

“நெசமாவா?”

“படிச்ச புள்ள தலைபாடா அடிச்சுக்குது. இந்த வருஷமாச்சும் கேட்டுத்தான் பாப்போமேன்னு தோணுச்சு.”

வானதிக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் தான் வாய்க்கு வந்தபடி திட்டிய மனுஷன் முன்னால் அழுவதா என்று அதற்கும் ஒரு கோபம் வந்தது. “அண்ணே, அதை எடுத்து வைங்க!” என்று போனைப் பார்த்துக் கத்தினாள்.

துரைராசுவும் போனருகே குனிந்தார்.

“தம்பி, ரெண்டு மூட்டையாப் போடுங்க. இங்க விதைக்கடையில குடுத்த மூவாயிரத்தி அறுபது ஒரு வயல் நாத்துக்குத்தான் வந்துச்சு.”