பெல்ட்டுக்கு வந்த கோபம்

துணிக்கடையின் மூன்றாவது மாடிச் சுவருக்கு வெளியே, ஒரு முழ அகல சன்ஷேடில் நின்றபடி ஏசியின் அவுட்டோர் யூனிட்டைப் பொருத்திக்கொண்டிருந்தான் ஜெபராஜ். அவன் இடுப்பில் இருக்கவேண்டிய பாதுகாப்பு பெல்ட், சூப்பர்வைசர் சொன்னபடி யூனிட்டைச் சுற்றி இறுகக் கட்டப்பட்டு, ஜன்னல் கம்பியில் மாட்டியிருந்தது. பெல்ட்டுக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை.

"என்னை மனுஷனுக்காகத் தைச்சாங்க. உனக்கு வெட்கமாவே இல்லையா?" என்று எரிந்து விழுந்தது.

"என் வயித்துல கேஸ் இருக்கு. நான் விழுந்தா அத்தனையும் வீணாப்போயிடும். என்னைப் பத்திரமாத்தான் பாத்துக்கணும்" என்றது யூனிட், மிடுக்காக.

"அப்ப அவன் வயித்துல இருக்கறது வெறும் காத்தா?"

பெல்ட் கேட்டு வாய் மூடவில்லை, ஜெபராஜின் கால் வழுக்கியது. ஸ்பேனர் கீழே பறந்தது. அவன் யூனிட்டையே கட்டிப்பிடித்துத் தொங்கினான். பெல்ட்டின் தையல்கள் பட்பட்டென்று தெறித்தன. ஆனாலும் அது இரண்டு பேரையும் விடவில்லை.

கீழே நின்ற சூப்பர்வைசர் பதறிப்போய்க் கத்தினார். "டேய், யூனிட்ல அடிகிடி பட்டுடுச்சா?"

பெல்ட் பல்லைக் கடித்துக்கொண்டு யூனிட்டிடம் சொன்னது:

"பதில் சொல்லு. உன்னைத்தான் நலம் விசாரிக்கிறார்."