வரி எட்டாயிரம்

கொழும்பு புதுக்கடை நீதிமன்றத் தாழ்வாரத்தில் வைத்துத்தான் கணவன் ஜனா நீதிமன்றத்துக்குக் கொடுத்த சம்பளச் சீட்டின் பிரதி சிவானியின் கைக்கு வந்தது.

பிள்ளையின் செலவுக்கு அவனிடம் மாதக் காசு கேட்கும் தாபரிப்பு வழக்கு. கூப்பிட இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

"மாதம் இருபத்தையாயிரத்துக்கு ஓம் எண்டு சொல்லும், பிள்ளை" என்றார் அவளுடைய சட்டத்தரணி றஞ்சிதம். "ஜனாவின்ர கைக்கு வாறதே ஒரு லட்சத்து முப்பத்தொன்பதாயிரம்தான். அதுக்குள்ள அவரும் சீவிக்க வேணும் எண்டு அவையள் கதைப்பினம்."

மகளுக்கு ஆறு வயது. அவள் பேசும் சொற்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி. அதற்கு மட்டுமே மாதம் முப்பத்திரண்டாயிரம். வெள்ளவத்தை அறையின் வாடகையை டியூஷன் காசில் சமாளித்து வந்தாள் சிவானி. போன மாதம் பயிற்சியை வாரம் ஒரு நாளாகக் குறைக்க வேண்டி வந்தது. அந்த மாதம் பிள்ளை புதிதாக ஒரு சொல்லும் பேசவில்லை.

இருபத்தையாயிரம் போதாது.

சீட்டைப் பார்த்தாள். சம்பளம் 160,000. ஓய்வுகாலச் சேமிப்பான சேமலாப நிதிக்கு, நூற்றுக்கு எட்டுப்படி, 12,800. வருமான வரி 8,000. கைக்கு 139,200.

கூட்டல் கழித்தலில் பிழை இல்லை.

மறுபடி பார்த்தாள். வரியில் கண் நின்றது.

"மிஸ், பேனையை ஒருக்காத் தாங்கோ."

சீட்டின் பின்பக்கத்தில் எழுதினாள். மாதம் ஒன்றரை லட்சம் வரை வரி இல்லை. அதற்கு மேல் வரும் எண்பத்துமூவாயிரத்துச் சொச்சத்துக்கு நூற்றுக்கு ஆறு. அதையும் தாண்டினால் நூற்றுக்குப் பதினெட்டு.

ஒரு லட்சத்து அறுபதாயிரம் வாங்குகிறவன், கூடுதலாக வரும் பத்தாயிரத்துக்கு மட்டும் வரி கட்டினால் போதும். அறுநூறு ரூபாய்.

பிறகெப்படி எட்டாயிரம்?

எட்டாயிரத்திலிருந்து பின்னோக்கிப் போனாள். ஆறு வீதத்தில் ஐயாயிரம். மிச்சம் மூவாயிரம் பதினெட்டு வீதத்தில் வந்திருக்க வேண்டும். அதற்கு இன்னொரு பதினாறாயிரத்துச் சொச்சம். வரியில்லாத ஒன்றரை லட்சத்தோடு எல்லாவற்றையும் கூட்டினாள்.

உண்மைச் சம்பளம் இரண்டு லட்சத்து ஐம்பதாயிரம்.

சேமலாப நிதியும் வரியும் போனாலும் கைக்கு 222,000.

சீட்டில் சம்பளத்தைக் குறைத்து எழுதியவன் சேமலாப நிதியையும் அதற்கேற்றபடி குறைத்திருக்கிறான். வரியை மட்டும் தொடவில்லை. கழிவு கூடிக் கைக்காசு குறைந்தால் தனக்கு நல்லதுதானே என்று விட்டிருப்பான்.

அவள் எழுதியதை றஞ்சிதம் இரண்டு முறை வாசித்தார். "பிழைச்சால் நீதவான் எங்களைத்தான் ஏசுவார்."

"பிழைக்காது, மிஸ். இருபத்தையாயிரத்துக்கு நான் ஓம் சொல்லமாட்டன்."

வழக்கைக் கூப்பிட்டார்கள்.

எதிர்ப்பக்கத்தில் ஜனா வெள்ளைச் சட்டையோடு நின்றான். றஞ்சிதம் சொல்லி முடித்ததும் நீதவான் சம்பளச் சீட்டைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். பிறகு சட்டத்தரணிகளை விட்டுவிட்டு ஜனாவிடமே சிங்களத்தில் கேட்டார்: இந்த எட்டாயிரம் எப்படி வந்தது?



பக்கத்தில் நின்ற தன் சட்டத்தரணியை ஜனா பார்க்கவில்லை. திரும்பி, சிவானியைப் பார்த்தான்.

கல்யாணம் முடித்த வருடத்திலிருந்து அவனுடைய வரிப் படிவங்களை நிரப்பியவள் அவள்தான். அவள் காட்டிய இடத்தில் அவன் கையெழுத்து வைப்பான். அதைப்பற்றி யார் என்ன கேட்டாலும் இப்படித்தான் அவள் பக்கம் திரும்புவான்.

சிவானி நீதவானைப் பார்த்தபடியே நின்றாள்.

நீதவான் எழுதத் தொடங்கினார். அடுத்த வழக்குத் தவணைக்குள் ஜனா ஒரு வருட வங்கிக் கணக்குக் கூற்றைக் கொடுக்க வேண்டும். அதுவரை மகளுக்கு மாதம் அறுபதாயிரம்.

அவர் எழுதி முடிக்கும்வரை ஜனா அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.