கல்லாட்டம் ஒரு ரப்பர்

"இருக்கறதுலயே கெட்டியான ரப்பர்ல செஞ்சு குடுங்க. கல்லாட்டம் இருக்கோணும்."

கிருபாசங்கர் சொன்னதும் பொற்கொடி நிமிர்ந்து பார்த்தாள். கோயமுத்தூர் கணபதியில் அவள் ரப்பர் மோல்டிங் பட்டறை வைத்துப் பதினோரு வருஷம். பந்தயக்காரர்கள்தான் இப்படிக் கேட்பார்கள்.

மேசையில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரின் மவுண்ட்டுகள் கிடந்தன. என்ஜினைத் தாங்க இரண்டு, கியர்பாக்ஸுக்கு ஒன்று. மூன்றிலும் ரப்பர் வெடித்துப் பிளந்திருந்தது.

"ரேஸுக்குங்களா?"

"இல்லீங்க. எங்கய்யன் ஓட்டறாரு. எழுபத்தி நாலு வயசு. இடுப்புல ஆபரேசன் ஆயிருக்குது."

"அப்ப மெத்துனு இருக்கறதுதானுங்க போடோணும். கெட்டியாப் போட்டா என்ஜின் அதிர்றதெல்லாம் நேரா சீட்டுக்கு வந்துரும். ரெண்டே நாள்ல இடுப்பு போயிருங்க."

"அதுக்குத்தானுங்க கேக்கறேன். வலி தாங்காம அவரே சாவியத் தூக்கிப் போடோணும்."

பொற்கொடிக்குச் சுருக்கென்றது. பெற்றவருக்கு வலி வரவேண்டும் என்று ஆர்டர் கொடுக்கிற மகன்!

மறுநாள் ஆட்டோவில் அவன் அப்பா பாலுசாமியே வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, இடுப்பில் பெல்ட்.

"அம்மணி, எம்பையன் வந்திருப்பானே?"

"வந்தாருங்க."

"எனக்குன்னு இருக்கறது அந்தக் காரு ஒண்ணுதான் கண்ணு. சாவிய ஒளிச்சு வெச்சுட்டான். மூணு நாள் சோறு திங்காமக் கெடந்துதான் திருப்பி வாங்குனேன்." அவர் பெல்ட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டார். "இடுப்பு தாங்கற மாதிரி செஞ்சு குடு."

"நீங்க கவலைப்படாமப் போங்கய்யா."

மிக மென்மையான ரப்பரை அச்சில் வைத்து அழுத்தினாள். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கிருபாசங்கர் வந்து வாங்கிப் போனபோது, எந்த ரப்பர் என்று அவள் சொல்லவில்லை. அன்று அவளுக்கு வேலை செய்த அலுப்பே தெரியவில்லை.

பத்து நாள் கழித்து, ஒரு மத்தியானம் கிருபாசங்கர் மறுபடி வந்தான். சட்டையெல்லாம் கசங்கியிருந்தது.

"எந்த ரப்பருங்க போட்டீங்க?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் போல எழுந்து நின்றாள்.

"மெத்துனுதான் போட்டேன். வயசானவர வதைக்கறதுக்கு என்ற பட்டறைல எதுவும் செய்யறதில்லீங்க."

அவன் கோபப்படவில்லை. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தான்.

"தப்பு என்மேலதானுங்க. உங்ககிட்டயாவது சொல்லியிருக்கோணும். யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு எங்கய்யன் சத்தியம் வாங்கிப்போட்டாரு."

"என்னத்தைங்க?"

"அவருக்குப் பார்வை நரம்பு போயிட்டிருக்குதுங்க. நேரா இருக்கறது மட்டுந்தான் தெரியும். பக்கவாட்டுல வர்றது ஒண்ணுமே தெரியாது. வண்டியத் தொடாதீங்கன்னு டாக்டர் எழுதியே குடுத்துட்டாரு. இவரு கேக்கலை. இடுப்பு வலிக்காவது அடங்குவாருன்னு பாத்தேன்."

பொற்கொடி அவனுடைய கசங்கிய சட்டையைப் பார்த்தாள்.

"இப்ப... அய்யா எங்கீங்க?"

"அவருக்கு ஒரு கீறல்கூட இல்லீங்க. சோமனூர் ரோடு பிரியற எடத்துல, பக்கத்துச் சந்துல இருந்து சைக்கிள்ல வந்த எட்டாங்கிளாஸ் புள்ளைய இப்பத்தான் அடக்கம் பண்ணிப்போட்டு வாரேன்."