கரையாத தாள்

பொம்மனஹள்ளி அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில், கழிவுநீர்க் குழியின் விளிம்பில் நிற்கிறார் பம்பு இயக்கும் தியோடர். அடைத்துக்கொண்ட பம்பு, சங்கிலி கட்டி இழுத்தும் மேலே வர மறுக்கிறது. நாற்பது வீடுகளின் கறுத்த நீர் குழிக்குள் விரல் விரலாய் ஏறுகிறது. குழல்விளக்கின் வெளிச்சம் அதன்மேல் நடுங்குகிறது. “டாய்லெட்ல துணி போடாதீங்கன்னு லிஃப்ட்ல நோட்டீஸ் ஒட்டியிருக்கே மேடம்.” குடியிருப்போர் சங்கச் செயலாளர் அனந்தலக்ஷ்மி மூக்கைப் பொத்தியபடியே சொல்கிறார்: “அது துணி இல்லப்பா, வைப்ஸ். கரையும்னு பாக்கெட்லயே போட்டிருக்கு.” தியோடர் பலகையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குலுக்குகிறார். ஈஸ்டருக்கு மறுநாள் அவர் அதில் போட்டுவைத்த அதே ‘வைப்ஸ்’ துடைப்புத்தாள், கிறிஸ்துமஸ் நெருங்கியும் நூல் பிரியாமல் வெள்ளையாய்ச் சுழல்கிறது. எட்டு மாதத் தண்ணீருக்குக் கரையாத தாள், அச்சடித்த ஒரு சொல்லுக்குக் கரைந்துவிடுமாம்! அனந்தலக்ஷ்மி அதைப் பார்க்கிறார். பிறகு குழியைப் பார்க்கிறார். “சரி, இந்த ஒரு வாட்டி இறங்கிடுங்களேன்.” “உள்ள வாயு இருக்கும் மேடம். மூச்சு நின்னுடும்.” “ஸ்வல்ப, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க, தியோடர்.” தலைக்கு மேலே குழாய்க்குள் நீர் இரைந்து இறங்குகிறது. இருவரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். குழிக்குள் இன்னொரு வெள்ளைத்தாள் வந்து விழுகிறது. பாட்டிலைப் பத்திரமாகப் பலகையில் வைத்துவிட்டு, தியோடர் சட்டையின் முதல் பொத்தானைக் கழற்றுகிறார்.